ஹார்லிக்ஸ் பாட்டிலில் 17 காசு: பழைய நாணயத்தை நான் பார்க்கும் முறை

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை, கவுன்ட்டர் மூடுகிற நேரம். எட்டயபுரம் பக்கம் மாவு மில் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மஞ்சப்பையோடு வந்து நின்றார். பைக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில். மூடியைத் திறந்து என் மேஜைமேல் கவிழ்க்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“தம்பி, அம்மாவுக்குப் பதினாறு முடிஞ்சு டிரங்குப் பெட்டியைத் தொறந்தோம். சேலைக்கு அடியில இது கெடந்துச்சு. இதுல ஒரு காசு மட்டும் ஒண்ணரைக் கோடி போகும்னு மருமகன் போன்ல காட்டுறான். நெசமான்னு பாத்துச் சொல்லுங்க.”

நான் கோவில்பட்டியில் ஒரு கூட்டுறவு வங்கியில் நகை அப்ரைசர். அப்பா பத்தர். உரைகல்லும் தராசும் எனக்குச் சின்ன வயசிலேயே பழக்கம். காசு சேர்க்கிற கிறுக்கு பிடித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அதில் ஒரு தடவை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். அதைக் கீழே சொல்கிறேன். அண்ணாச்சி பாட்டிலில் 17 காசு இருந்தது. விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் ஐந்து, எட்வர்டு இரண்டு, ஐந்தாம் ஜார்ஜ் நாலு, ஆறாம் ஜார்ஜ் இரண்டு, 1947 புலி ரூபாய் ஒன்று, ஓட்டைக் காலணா ஒன்று, வளையம் வைத்த சவரன் ஒன்று, ராமர் போட்ட செம்புக் காசு ஒன்று. கோடிக்கு உரியவர் ராமர். இந்தப் பதினேழையும் அன்று எந்த வரிசையில் பார்த்தேனோ அதே வரிசையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்கும் இதுவே போதும்.

முதலில், கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள்

காசைக் கவிழ்க்கக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கீறும். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். தேய்க்கவே கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்வதற்குள் அண்ணாச்சி பெருமையாக நாலு விக்டோரியாவை எடுத்துக் காட்டினார். பளபளவென்று எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தன. “உங்க மதினி சபீனா போட்டுத் தேச்சா. மத்ததையும் தேச்சுருவோம்னுச்சு, நான்தான் நேரமாச்சுன்னு எடுத்துட்டு வந்துட்டேன்.” அந்த நேரமின்மைக்கு ஒரு கும்பிடு. புளி, விபூதி, பல்பொடி, எலுமிச்சை எல்லாமே மேல்தோலை உரிக்கும். தேய்க்காத காசை விளக்கடியில் லேசாகச் சாய்த்துத் திருப்பினால், அச்சில் அடிபட்டபோது உண்டான நுண்ணிய கோடுகளில் வெளிச்சம் ஆரக்கால் மாதிரி சுற்றி ஓடும். தேய்த்த காசில் வெளிச்சம் ஒரே இடத்தில் செத்து நிற்கும், லென்ஸில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். கறுத்துப்போன வெள்ளியைச் சேகரிப்பவன் விரும்பி வாங்குவான். சபீனா வெள்ளியை ஆசாரிதான் வாங்குவார், உருக்குவதற்கு.

உரைகல்லுக்கும் இதே தடைதான். பத்தர் மகன் இதைச் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: சேகரிப்பு மதிப்பு இருக்கலாம் என்று சந்தேகம் இருக்கிற காசை உரசாதீர்கள். விளிம்பில் ஒரு உரசல் விழுந்தால் அது நிரந்தரம்.

காசில் எழுதியிருப்பதை வாசியுங்கள்

செலவில்லாத சோதனை இது. யார் தலை, என்ன பட்டம், எந்த வருஷம். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். விக்டோரியா ரூபாயில் 1862-லிருந்து 1876 வரை ‘குயின்’ என்று இருக்கும். 1877 முதல் ‘எம்ப்ரஸ்’. 1875 வருஷம் போட்டு ‘எம்ப்ரஸ்’ என்று ஒரு காசு வந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். எட்வர்டு ரூபாய் 1903-லிருந்து 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் ஆண்டது 1936 ஜனவரி வரைக்கும் என்றாலும் புழக்கத்துக்கான ஒரு ரூபாய் 1922-க்குப் பிறகு அடிக்கப்படவில்லை. அடுத்தது 1938, ஆறாம் ஜார்ஜ் தலையோடு. ஆகவே 1927 என்று போட்ட ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை யாராவது நீட்டினால், வாங்கிப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

ராமர் காசு இங்கேயே விழுந்தது. ஒரு பக்கம் பட்டாபிஷேகம், மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஹாஃப் அணா, 1818’. இதே சாயலில் 1616, 1717 என்றெல்லாம் வருஷம் போட்டு, அனுமார், தாமரை, பிள்ளையார் என்று விதவிதமாகச் சந்தையில் உலவுகிறது. 1616-ல் கம்பெனி சூரத்தில் கடை விரித்தே சில வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லா மாகாணங்களுக்கும் பொதுவாகக் கம்பெனி அடித்த செம்பு அரையணா 1835-லிருந்து வருவது, அதில் இருப்பது கம்பெனியின் சிங்க முத்திரை. மதராஸ் மாகாணத்துக்கென்று இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய 1808-ம் வருஷத்து 20 காசிலும் அதே மாதிரி முத்திரைதான். அந்தச் சரக்கை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கி, கடலுக்கடியிலிருந்து எடுத்த காசுகள் இன்றைக்கும் விற்பனைக்கு வருகின்றன.

சாமி உருவம் இருந்தாலே போலி என்று அர்த்தமில்லை. கம்பெனியே மதராஸில் பெருமாளும் இரண்டு தாயாரும் நிற்கிற தங்க வராகன் அடித்திருக்கிறது, ஒவ்வொன்றும் 3.4 கிராம். க்ஷேத்திரங்களில் வாங்கிவரும் ராமர் டோக்கன்கள் தனி மரபு, அதற்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. கம்பெனி பேரும் ராமரும் அணாவும் 1818-ம் சேர்ந்து ஒரே செம்பில் வந்தால்தான் அது பட்டறைச் சரக்கு.

இந்தச் செம்புக்கு நம்மூரில் இன்னொரு பேர் இருக்கிறது, ‘அரிசி இழுக்கும் காசு’. இடி விழுந்து இருடியம் ஏறியது, விண்வெளி ஆராய்ச்சிக்கு வாங்குகிறார்கள், சோதிக்க ஒரு ‘விஞ்ஞானி’ வருவார், அவருக்கு முன்பணம் மட்டும் கட்ட வேண்டும் என்று கதை போகும். அரிசியை முன்கூட்டியே இரும்புத்தூளில் புரட்டி வைத்து, காசுக்கடியில் காந்தம். அவ்வளவுதான் விஞ்ஞானம். இதில் வீடு விற்றவர்களை எனக்கே தெரியும். அண்ணாச்சி மருமகன் காட்டிய வீடியோ இதன் அடுத்த தலைமுறை: வைஷ்ணவி தேவி 5 ரூபாய், டிராக்டர் நோட்டு, 786 நோட்டு எல்லாம் லட்சக்கணக்கில் போகும், பதிவுக் கட்டணம் அனுப்புங்கள். ரிசர்வ் வங்கி பேரிலேயே கமிஷனும் வரியும் கேட்டுப் பேசுகிறார்கள் என்பதால் 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை விட்டது. பழைய காசு விற்பதற்கு அது யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. வாங்க வருகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

தராசு

0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதோடு குறுக்களவு பார்க்க ஒரு வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். மொத்தத் தளவாடமும் இதுதான்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1835-லிருந்து 1947 வரை இந்த எடை மாறவில்லை. நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் ‘ரூபாய் எடை’ என்று சொல்கிறார்களே, அது இதுதான். என் அப்பா பட்டறையில் ஒரு எட்வர்டு ரூபாய் படிக்கல்லாகவே இருந்தது. குறுக்களவு 30.5 மில்லிமீட்டரை ஒட்டி வரும். தேய்ந்த காசு 11.4 வரை இறங்கலாம். 11.2-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும்: விளிம்பைச் சீவியிருக்கலாம், வளையம் வைத்து எடுத்திருக்கலாம், அல்லது உலோகமே வேறாக இருக்கலாம். 11.9, 12 என்று கூடுதலாக வந்தால் எனக்குச் சந்தேகம் அதிகமாகிறது. புழங்கிப் புழங்கித் தேய்ந்த காசைப் பார்த்திருக்கிறேன், கொழுத்த காசைப் பார்த்ததில்லை.

1939 வரை வந்த ரூபாயில் 100-க்கு 91.7 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில் 1940-லிருந்து அது 50 பங்காக இறங்கியது. 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. ஆகவே அண்ணாச்சியின் புலி ரூபாய் காந்தத்தில் கப்பென்று ஒட்டியபோது அவர் முகம் சுருங்கியது. ஒட்ட வேண்டும் அண்ணாச்சி, அது நிக்கல், ஒட்டாவிட்டால்தான் யோசிக்கணும் என்றேன். காந்தத்தை எல்லாக் காசுக்கும் ஒரே மாதிரிப் பிடிக்கிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வெள்ளி ரூபாய் ஒட்டினால் போலி என்பது சரி. ஒட்டாவிட்டால் அசல் என்று ஆகாது. செம்பும் ஈயமும், பேரில் மட்டும் வெள்ளி இருக்கிற ஜெர்மன் சில்வர் என்ற கலப்பு உலோகமும்கூட ஒட்டாது.

தண்ணீர்ச் சோதனை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் செய்யக்கூடியதில் இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது.

தராசின்மேல் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரை வைத்து முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றுங்கள். ‘டேர்’ பட்டனை அழுத்தி 0.00 ஆக்குங்கள். காசைத் தனியாக முன்பே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். இப்போது மெல்லிய நைலான் நூலில் காசைச் சுருக்குப் போட்டு, ஒரு பென்சிலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்குகிற மாதிரி தொங்க விடுங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்திருந்தால் குமிழி ஒட்டாது. தராசு இப்போது காட்டுவது காசு தள்ளிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

அண்ணாச்சியின் கறுத்த விக்டோரியாவை நிறுத்தேன், 11.61. தண்ணீரில் 1.12. வகுத்தால் 10.37. சுத்த வெள்ளிக்கு 10.49, 91.7 பங்கு வெள்ளியும் மீதி செம்பும் சேர்ந்தால் கணக்குப்படி 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். வந்துவிட்டது. அடுத்து ஆறாம் ஜார்ஜ் 1944. எடை 11.63, தண்ணீரில் 1.22, அடர்த்தி 9.5. இதைப் பார்த்துப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாதி வெள்ளிக் காசு அப்படித்தான் வரும். இதே எடையில் ஜெர்மன் சில்வரில் செய்த போலி 1.35 காட்டும், அடர்த்தி 8.6-க்குப் பக்கம். ஈயம் கலந்தால் அடர்த்தி ஏறவும் செய்யும், ஆனால் அதைச் சுண்டினாலே தெரிந்துவிடும், கணீரென்று வராமல் தொப்பென்று விழும். சுண்டுவதை நான் கடைசியாகத்தான் செய்வேன், அதுவும் தேய்ந்த காசுக்கு மட்டும். உள்ளே விரிசல் இருந்தால் அசல் வெள்ளியும் தொப்பென்றுதான் சத்தம் போடும்.

நகைக்கடையில் உலோகத்தின் சுத்தத்தைச் சொல்லும் டச் மெஷின் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அது மேல்தோலைத்தான் பார்க்கும். கனமாக வெள்ளி முலாம் பூசிய பித்தளையை அது 90 டச் என்று சொல்லி நான் பார்த்திருக்கிறேன். மெஷினையும் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டையும் ஒரே காசு ஏமாற்றுவது சிரமம்.

லென்ஸும், நான் ஏமாந்த கதையும்

அசல் காசு அச்சில் அடித்தது. மலிவான போலி பெரும்பாலும் வார்த்தது. வார்த்த காசின் தரையில், அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத சமதளத்தில், ஊசி முனையளவு குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி எங்கோ ஓரிடத்தில் இரண்டு பாதி சேர்ந்த தழும்பு, அல்லது அதை அரத்தால் தேய்த்த அடையாளம் இருக்கும். ஆகவே விளிம்பைத்தான் முதலில் பாருங்கள். போலி செய்கிறவன் தலைக்கும் பூவுக்கும் பட்ட பாட்டை விளிம்புக்குப் படுவதில்லை. வெள்ளி ரூபாய்க்கு 1939 வரை நேர்க்கோடு நேர்க்கோடாக வெட்டு. 1940-லிருந்து அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளமும் அதற்குள் மணி மணியான வேலைப்பாடும். ஒரு சின்னக் குத்து, முத்திரை மாதிரி விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது அந்தக் காலத்துச் சராப்பு, அதாவது காசு மாற்றிக் கொடுக்கிறவர், வெள்ளியைச் சோதித்த அடையாளம். விலை குறையும், காசு அசல்தான்.

இப்போது என் கதை. 1939 ரூபாய் அரிது. பம்பாயில் அடித்தது, போர் வந்த வருஷம், வெளியே புழங்கியது கொஞ்சம். நல்ல வெள்ளியில் அடித்த கடைசி ரூபாய் என்பதால் சேகரிப்பவர்களுக்கு அது ஒரு கனவு. பத்து வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரி மேஜையில் அது கிடந்தது. நிறுத்தேன், சரி. விளிம்பு, சரி. வெள்ளி, சந்தேகமே இல்லை. பேரம் பேசி 9,000 கொடுத்தேன், அவர் அவசரத்தில் விற்கிறார் என்று நம்பிக்கொண்டு. வீட்டுக்கு வந்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு லென்ஸை எடுத்துச் சாவகாசமாகப் பார்த்தேன். 1939-ல் இரண்டு 9 இருக்கிறது அல்லவா. இரண்டாவது இடத்து 9-ன் வால் அழகாக உள்ளே வளைந்து ஒரு சின்னக் குமிழில் முடிந்தது. நாலாவது இடத்து 9-க்கு வால் இருந்தது, குமிழ் இல்லை. வால் நடுவில் வெட்டிவிட்ட மாதிரி சப்பையாக நின்றது. அதன் இடப்பக்கத்துத் தரை மட்டும் சுற்றியுள்ள இடத்தைவிட ஒரு மயிரிழை பள்ளம், நிறமும் கொஞ்சம் புதுசு. 1938 ரூபாயில் 8-ன் கீழ்ச்சுழியின் இடப்பக்கத்தைச் சுரண்டி 9 ஆக்கியிருக்கிறார்கள். எடையும் வெள்ளியும் விளிம்பும் சரியாக இருந்ததில் அதிசயமே இல்லை, காசு முழுக்க அசல், ஒரே ஒரு எண்தான் பொய்.

அதிலிருந்து வருஷம்தான் விலையைத் தீர்மானிக்கிற காசு என்றால் நான் செய்வது: எண்ணை எண்ணோடு ஒப்பிடுவேன், அதே காசிலேயே. பிறகு நம்பகமான ஏலப் பட்டியலில் வந்த தெளிவான படத்தோடு ஒப்பிடுவேன். தரையை விளக்கடியில் சாய்த்து, எண்ணைச் சுற்றி மட்டும் ஒளி வேறுமாதிரி ஓடுகிறதா என்று பார்ப்பேன். அந்த 9,000 ரூபாய்க் காசு என் மேஜை டிராயரிலேயே இருக்கிறது. யாராவது 1939 கொண்டுவந்தால் முதலில் அதைத்தான் வெளியே எடுத்து வைப்பேன்.

சவரன்: தங்கம் அசல், காசு?

நாம் ‘எட்டு கிராம் ஒரு சவரன்’ என்று சொல்கிற பேரே இந்தக் காசிலிருந்து வந்தது. அசல் சவரன் 7.98 கிராம், 22 கேரட், குறுக்களவு 22 மில்லிமீட்டர். அண்ணாச்சியின் அம்மா ஒரு காலத்தில் கழுத்தில் போட்டிருந்த இந்தச் சவரன் வளையத்தோடு 8.4 கிராம் காட்டியது. டச், 91.6. அவர் நிம்மதியானார். நான் லென்ஸைக் கீழே வைக்கவில்லை. சவரனின் பின்பக்கத்தில் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜின் தலைக்கவசத்திலிருந்து பறக்கிற பட்டையும், அவர் குத்துகிற டிராகனின் இறக்கை மடிப்பும் குழைந்து கிடந்தன, எழுத்து ஒவ்வொன்றும் கொஞ்சம் தடித்திருந்தது. தேய்ந்த காசில் மேடுகள்தான் மழுங்கும், பள்ளத்தில் இருக்கிற நுணுக்கம் கூராகவே இருக்கும். இதில் பள்ளமும் மழுங்கல்.

சவரன் காசுக்குத் தங்கத்தின் எடை விலையைவிடக் கூடுதல் மதிப்பு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது பெய்ரூட் பக்கத்தில் நல்ல தங்கத்திலேயே போலிச் சவரன் அடித்தார்கள். நம்மூர்ப் பட்டறைகளிலும் காசுமாலைக்கென்று செய்ததுண்டு, அதில் ஏமாற்று எண்ணம்கூடக் கிடையாது, மாலைக்கு ஒரு காசு குறைந்தது, செய்து கோத்தார்கள். அடகு வைக்க வந்தால் நான் முழு மதிப்புப் போடுவேன். சேகரிப்பவனுக்கு அது தங்கக் கட்டி மட்டும்தான். “பவுனுக்குப் பவுன் இருக்குல்ல?” என்றார் அண்ணாச்சி. இருக்கிறது.

உங்கள் வீட்டில் 1918 சவரன் இருந்தால், வருஷத்துக்கு மேலே தரைக்கோட்டில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து பொடியாக இருக்கிறதா பாருங்கள். பம்பாயில் சவரன் அடித்தது அந்த ஒரே வருஷம்தான்.

விலை

முதலில் அடிவிலை. 11.66 கிராமில் 91.7 பங்கு என்றால் சுத்த வெள்ளி 10.69 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். கிராம் 100 ரூபாய் என்று வைத்தால் 1,069. இதற்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, கடைக்காரர் கழிவு போக. 1940-க்குப் பிந்தைய பாதி வெள்ளிக்கு 5.83 கிராம்.

அதற்குமேல் எவ்வளவு என்பது வருஷம், அடித்த இடம், காசின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. நம் ஆட்கள் 1862 விக்டோரியாவைப் பார்த்ததும் ‘அடேயப்பா’ என்பார்கள். 1862 என்ற வருஷத்தை மாற்றாமலேயே 1874 வரை அதே காசை அடித்துத் தள்ளினார்கள். விக்டோரியாவில் அதுதான் மலிந்து கிடக்கிறது. அதிலேயே சின்னச் சின்னப் புள்ளி வேறுபாடுகள் இருக்கின்றன, சிலது அரிது, அதற்கு விலைப் பட்டியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு லென்ஸோடு உட்கார வேண்டும். அண்ணாச்சியின் ஐந்தில் மூன்று 1862, மூன்றும் சாதாரணம், இரண்டு சபீனா பட்டது வேறு. ஓட்டைக் காலணா எல்லார் வீட்டிலும் இருக்கிறது, பேரப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசு என்றால் வருஷத்துக்குக் கீழே பாருங்கள்: வைரக்கட்டம் என்றால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே வருஷத்துக் காசு ஒரு ஆலையில் கோடிக்கணக்கிலும் இன்னொன்றில் கொஞ்சமாகவும் அடித்திருப்பார்கள்.

நிலையைப் பார்க்க, எந்த இடம் முதலில் தேயும் என்று தெரிய வேண்டும். ஐந்தாம் ஜார்ஜுக்குக் கிரீடத்து முத்துகளும், அங்கியில் தொங்கும் மாலையின் யானையும். இந்த யானையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1911-ல் முதன்முதல் வந்த ரூபாயில் யானையின் தும்பிக்கையும் காலும் குட்டையாக இருந்து பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டது, பெரிய எதிர்ப்பு, அரசாங்கம் காசைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கிவிட்டது. 1912-லிருந்து தும்பிக்கை நீண்டு தெளிவான யானை. அண்ணாச்சியின் நாலு ஜார்ஜில் கறுப்பேறி, பார்க்கவே அழுக்காக, ‘இது செல்லாக் காசு தம்பி’ என்று அவரே ஒதுக்கி வைத்த ஒன்றைத் திருப்பினேன். 1911. தராசில் 11.62, தண்ணீரில் 1.12. ‘1’கள் நான்கும்… மூன்றும், ஒரே உயரம், ஒரே தடிப்பு. 1912-ன் 2-ஐச் சுரண்டி 1 ஆக்கவில்லை என்பதற்கு யானையே சாட்சி. லென்ஸில் பார்த்தால் சாட்சாத் பன்றிக்குட்டி. மதினி கை படாமல் தப்பியது இதுதான்.

என்ன விலை என்று கேட்டால் நான் விற்பவர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்ப்பதே இல்லை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் முடிவுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே வருஷம், அதே ஆலை, அதே நிலை, கடைசி இரண்டு வருஷத்தில் ஐந்தாறு விற்பனை. மேலேயும் கீழேயும் ஒன்றைக் கழித்துவிட்டு நடுவில் இருப்பதைப் பிடிக்கிறேன். அதில் வாங்குபவர் கட்டும் கமிஷன் சேர்ந்திருக்கலாம், உங்கள் கைக்கு வருவது குறையும். வியாபாரியிடம் நேரில் விற்றால் இன்னும் குறையும், அவரும் கடை வாடகை கொடுக்க வேண்டுமே.

விலை பெரிதாகப் போகும் என்று தெரிந்தால் மட்டும் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். மாதிரி சான்று நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். 70 புள்ளி அளவையில் தரம் போட்டு, பெட்டியில் அடைத்துத் தருவார்கள். இரண்டாயிரம் ரூபாய்க் காசுக்கு அந்தச் செலவு கட்டாது. பெட்டியிலேயே போலி வருகிறது என்பதால், வாங்கும்போது அதில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வருகிற படத்தைக் கையில் இருக்கும் காசோடு ஒப்பிடுங்கள். கீறல் இருக்கிற இடம் உட்பட.

மண்ணுக்குள்ளிருந்து வந்தது என்றால்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வானம் தோண்டும்போது சட்டியில் காசு கிடைத்தால் அது ‘நம்ம மண், நம்ம காசு’ இல்லை. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷம் தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ‘துபாய் பார்ட்டி’ என்று யாராவது பேசினால் அந்த வழிக்கே போகாதீர்கள்.

ராஜராஜன் காசு என்று கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்றும் இருக்கும் செம்புக் காசு. ராஜராஜன் பேர் பெரிசு, காசு ஏராளம். தேய்ந்தது நூறு, இருநூறுக்கே கிடைக்கும். அதையே பளபளவென்று தங்கத்தில் கொண்டுவந்தால் எனக்குக் கை நடுங்காது, தண்ணீர் டம்ளரை எடுத்து வைப்பேன். பழைய காசு நிறையப் பார்த்துக் கண்ணைப் பழக்க எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதிக்கு ஒரு நாள் போய்வாருங்கள்.

அண்ணாச்சி அன்றைக்கு எதையும் விற்கவில்லை. 1911-ஐ பி.வி.சி. இல்லாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, மற்ற ரூபாய்களைத் தனித்தனிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலை நானே குப்பையில் போட்டேன். போன மாசம் மில்லுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். ஒண்ணரைக் கோடி ராமர் கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்கு அடியில் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தார். மதினி வெள்ளிக்கிழமைதோறும் சபீனா போட்டுத் தேய்த்து வைக்கிறாராம். அதைத் தாராளமாகத் தேய்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.